அளக்குங் கோலை அளந்த வரலாறு

பொருள்களைப் புலன்களால் அறிதல் ஒன்று. அளந்து அறிதல் மற்றொன்று. ஒரு பொருளைக் கையிலெடுத்த இருவருள் ஒருவன் அதனைக் கனமென்பான், மற்றவன் இலேசென்பான். வெயிலில் நடந்து வந்தவனுக்குக் குளிர்ந்து தோன்றும் கிணற்று நீர், நிழலில் இருந்தவனுக்கு அவ்வாறு தோன்றுவதில்லை. இருவருக்கும் பொதுவான நடுவன் ஒருவன் வேண்டும். அந்நடுவனே அளவை. நீளம், கனவளவு, நிறை, அடர்த்தி, வெப்பநிலை முதலிய பண்புகளை எண்ணால் உரைக்கக் கற்ற பின்னரே மனிதன் சடப்பொருளைப் பற்றி வழக்கின்றிப் பேசக் கற்றான் எனலாம்.

அளவையின் வரலாறு என்றவுடன், பருங்கருவிகள் படிப்படியாக நுண்கருவிகளாய் மாறிய கதையே பலர் நினைவுக்கு வரும். அஃது அவ்வரலாற்றின் புறத்தோற்றமேயாகும். அகத்தே நிகழ்ந்தது வேறு. அளக்குங் கோலும் ஒரு சடப்பொருளே, அதுவும் வெயிலில் நீளும், கைபட்டுத் தேயும், ஈரத்தில் துருவேறும். இவ்வுண்மையை உணர்ந்து, பிறவற்றை அளக்குமுன் அளக்குங் கருவியையே அளக்க முற்பட்டமைதான் அவ்வக வரலாறு. தமிழ் வழங்கும் நிலங்களில் அஃது எவ்வாறு நிகழ்ந்ததென்பதைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துறையிலும் வயலிலும்

யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கடனீரேரிக் கரையில் அமைந்தது கொழும்புத்துறை. அது வள்ளங்கள் வந்தடையும் இடமென்பதைப் பெயரே கூறும். நீரேரிக்கு அப்பால் நெல் விளையும் பூநகரி உள்ளது. பொருள் வந்திறங்குந் துறைகளிலெல்லாம் முதலில் எழும் வினா 'எவ்வளவு?' என்பதே. நெல்லைப் பொறுத்தமட்டில், கொத்தும் மரக்காலும் அவ்வினாவுக்கு நெடுங்காலம் விடை கூறி வந்தன.

ஆயின் அவ்விடை ஐயத்துக்கு இடமற்றதன்று. ஒரே மரக்காலைக் குவித்தும் அளக்கலாம், தலைதட்டியும் அளக்கலாம். நெல்லை மெல்லச் சொரிந்தால் மணிகளுக்கிடையே வெற்றிடம் மிகும். ஏனத்தைக் குலுக்கினால் நெல் இறுகி, மேலும் சில பிடிக்கு இடமுண்டாகும். வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்பவன், மரக்காலை மாற்றாமலே இலாபம் பெறுவான். நெல்லின் ஈரமும் கணக்கை மாற்றும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 46 இறாத்தல் நிறையுள்ளதென்பது இலங்கையின் வழக்கு. அதே புசலில் அரிசியை இட்டால் ஏறக்குறைய 64 இறாத்தலாகும். ஏனம் ஒன்றே, இடம் ஒன்றே, அதனுள் அடங்கிய பொருளின் அளவோ வேறு. கனவளவுக்கும் நிறைக்கும் இடையிலுள்ள இத்தொடர்பையே பௌதிகவியலார் அடர்த்தி என்பர். அவ்வேறுபாட்டை நூலிற் கல்லாத உழவனும் குத்தகை நெல் அளக்குங் களத்தில் அதனை நன்குணர்ந்திருந்தான். ஏனெனில் அவனது ஓராண்டு உழைப்பு அந்த வெற்றிடத்திற் கரைந்தது.

நில அளவையிலும் இத்தகைய நிலைமையே காணப்பட்டது. யாழ்ப்பாணத்து உறுதிகளில் வழங்கும் பரப்பு, குழி, இலாச்சம் என்னுஞ் சொற்கள் இன்றும் மறைந்தில. 18 குழி ஒரு பரப்பு. வரகு விதைக்கும் நிலமாயின் 16 இலாச்சம் ஓர் ஏக்கராகும். நெல் விதைக்கும் நிலமாயின் 12 இலாச்சமே ஓர் ஏக்கராகும். ஒரு பெயர் பெற்ற அளவை, பயிருக்கேற்பச் சிறுத்தும் பெருத்தும் நிற்பதை இங்கே காண்கின்றோம். இதனை அறியாமை என்று இகழ்தல் பொருந்தாது. உழவனுக்கு நிலம் வெறும் பரப்பன்று. விதையை ஏற்கும் வயிறு. ஆகவே நிலத்தை அவன் அதன் பயனால் அளந்தான். ஆனால் வரகு நிலத்தையும் நெல் நிலத்தையும் ஒப்பிட்டு விலை பேச வேண்டியபோது, இரண்டிற்கும் பொதுவான கோல் வேண்டியதாயிற்று.

இலக்கண நூலார் கண்ட அளவைகள்

அளவையைப் பற்றிய சிந்தனை தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துத் தொகைமரபிலே, அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் மொழி முதலாகும் எழுத்துக்கள் ஒன்பது என வரையறுத்தார். அச்சூத்திரத்துக்கு உரைகண்டோர் கலம், சாடி, தூதை, பானை, நாழி, மண்டை, வட்டி, அகல், உழக்கு என முகத்தலளவைப் பெயர்களையும், கழஞ்சு, தொடி, பலம் முதலிய நிறைப்பெயர்களையும் எடுத்துக் காட்டினர். இங்கே நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அளவு வேறு, நிறை வேறு எனத் தொல்காப்பியரே பிரித்தோதியுள்ளார். ஏனத்துள் அடங்கும் இடமும் தராசில் நிற்கும் பாரமும் ஒன்றல்லவென்னுந் தெளிவு அப்பிரிவினுள் அடங்கியிருக்கின்றது.

உரையாசிரியர்கள் அளத்தற் றொழிலை மேலும் வகுத்தனர். நிறுத்தளத்தல், பெய்தளத்தல், நீட்டியளத்தல், எண்ணியளத்தல் என்பன எவரும் அறிந்தவை. இவற்றோடு தெறித்தளத்தல், சார்த்தியளத்தல் என்பனவற்றையும் அவர்கள் கூறினர். தெறித்தளத்தலாவது விரலால் தெறித்து எழும் ஓசைகொண்டு அறிதல். சார்த்தியளத்தலாவது ஒன்றை மற்றொன்றனோடு ஒப்பவைத்து அறிதல். எழுத்தின் மாத்திரையைக் கண்ணிமையோடும் கைந்நொடியோடும் சார்த்திக் கூறினமை இதன்பாற்படும். பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னை உரைத்து, அதன் கீற்றை மாற்றறிந்த பொன்னின் கீற்றோடு ஒப்பு நோக்குதலும் சார்த்தியளத்தலே. நுணுகி நோக்கின், எல்லா அளத்தலும் முடிவில் சார்த்தியளத்தலாகவே முடியும். கோலொன்றைச் சார்த்தாமல் நீளம் இல்லை. கல்லொன்றைச் சார்த்தாமல் நிறை இல்லை. அவ்வாறாயின், சார்த்தப்படும் அக்கோலும் கல்லும் எவை என்பதே அடுத்த வினா.

தஞ்சைக் கல்வெட்டுக்களின் விடை

இவ்வினாவுக்கு மிகத் தெளிவான விடை முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சையில் எடுத்த பெருங்கோயிலின் சுவர்களிற் பொறிக்கப்பட்டுள்ளது. அரசனும் அவன் தமக்கையாரும் தேவியரும் அலுவலரும் அளித்த கொடைகளை அக்கல்வெட்டுக்கள் பட்டியலிடுகின்றன. வெறுமனே 'இத்தனை கழஞ்சு பொன்' என்று அவை கூறி அமைவதில்லை. பொன்னை ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுத்தனர் என்றும், அணிகலன்களைத் தட்சிணமேரு விடங்கன் என்னுங் கல்லால் நிறுத்தனர் என்றும் எடுத்துரைக்கின்றன. நெல்லளந்த மரக்காலும் ஆடவல்லான் என்னும் பெயர் பெற்றது. அஃது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்பதும் அங்கே குறிக்கப்பட்டுள்ளது. இறைவன் பெயரால் அமைந்த கல்லையும் மரக்காலையும் குறைக்க எவர் துணிவர்?

இதனினும் வியக்கத்தக்கது, அளந்தது இன்னது என வரையறுத்த முறையாகும். மணிகள் பதித்த அணிகலனை நிறுக்கும்போது, அதனுட் சேர்ந்த சரடு, சட்டம், செப்பாணி, அரக்கு என்பனவும் அந்நிறையில் அடங்கும் என்பதைக் கல்வெட்டு மறவாது கூறுகின்றது. செப்புத் திருமேனிகளுக்கு முழம், விரல், தோரை எனப் பாதத்திலிருந்து கேசம் வரையுள்ள உயரங் கூறப்படுகின்றது. கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் அளந்தமையும் சொல்லப்படுகின்றது. அவற்றுள் கனமாக வார்த்தவை இவை, உட்பொள்ளலாக வார்த்தவை இவை என்னும் வேறுபாடும் காட்டப்படுகின்றது. உயரம் ஒத்த இரு திருமேனிகள் நிறையால் ஒவ்வாதிருத்தல் கூடும் என அறிந்தோர் அன்றி வேறெவர் இவ்வாறு எழுதுவர்?

எந்தக் கருவியால் அளந்தது, எதனை உட்படுத்தி அளந்தது என்னும் இரண்டையும் கூறாத எண் பொருளற்றது. இக்காலத்து ஆய்வுகூடம் ஒவ்வொன்றும் மேற்கொள்ளும் இவ்விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்த் தஞ்சைக் கோயிலின் கணக்கர் கல்லிலே எழுதி வைத்தனர். எனினும் ஒரு குறை எஞ்சியது. கருவியின் பெயரை அவர்கள் கூறினரேயன்றி, அக்கருவி காலத்தாலும் வெப்பத்தாலும் எவ்வளவு மாறும் என்பதைக் கணிக்கவில்லை. அக்கணிப்புக்கு எண்ணூறு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

பரங்கிமலையில் ஓர் உருக்குச் சங்கிலி

1802ஆம் ஆண்டு சித்திரை, வைகாசி மாதங்களில், சென்னைக்கருகே பரங்கிமலையை அடுத்த சமவெளியில் வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படையலுவலர் ஏழரை மைல் நீளமுள்ள நேர்கோடொன்றை அளந்தார். இந்திய நாடு முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெருமுயற்சிக்கு இதுவே அடிக்கோடு. 100 அடி நீளமும் 40 கண்ணிகளும் உடைய உருக்குச் சங்கிலியே அவரது கருவி. சங்கிலியை நிலத்தில் இழுத்துச் செல்லாது, தாங்கிகளின்மேல் நிறுத்திய மரப்பெட்டிகளில் நீட்டி வைத்தனர். அதனருகே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்தனர். மற்றொரு சங்கிலியை அளக்கப் பயன்படுத்தாது காத்து வைத்து, வேலை செய்த சங்கிலி தேய்ந்து நீண்டதோ என அதனோடு சார்த்திப் பார்த்தனர்.

இத்துணைப் பாடு எதற்கு? ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். உருக்கின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயரும்போது, அதன் நீளம் இலட்சத்தில் ஏறக்குறைய 1.2 பங்கு கூடும். 10 பாகை உயர்ந்தால் 100 அடிச் சங்கிலி ஏறக்குறைய 0.14 அங்குலம் நீளும். கண்ணுக்குப் புலப்படாத இந்நீட்சி, சங்கிலியை 400 முறை வைத்து முடிக்கும்போது ஏறக்குறைய 4.8 அடியாகப் பெருகும். அடிக்கோட்டில் ஏற்பட்ட வழு அதன்மேற் கட்டிய முக்கோணம் ஒவ்வொன்றிலும் புகும். ஆகவே நாட்டை அளக்க வந்தவர் முதலில் இரும்பின் குணத்தை அளந்தறிய வேண்டியவரானார்.

லாம்ப்டனின் பயணம் தஞ்சைக் கோயிலையும் தொட்டது. 1808ஆம் ஆண்டில், ஏறக்குறைய அரைத்தொன் எடையுள்ள தம் கோணமானியை அக்கோயிலின் உயரத்துக்கு ஏற்றுவிக்கும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்தது. அவர் கூடாரத்துள் பல கிழமைகள் இருந்து, அவ்வட்டத்தைத் தம் கையாலேயே சிறிது சிறிதாகச் சீர்செய்தார். ஆடவல்லான் என்னுங் கல்லின் பெயரைத் தாங்கிய சுவர்களே, அளவைக் கருவியும் ஊறுபடும் என்பதற்குச் சான்றாயின.

பீரங்கியோசையும் ஊசலும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வானாய்வகத்தின் கருங்கற்றூண் இன்றும் உள்ளது. அதில் தமிழெழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அவ்வானாய்வகத்தின் தலைவராயிருந்த யோன் கோல்டிங்காம், 1820, 1821ஆம் ஆண்டுகளில் வளியினூடே ஓசை செல்லும் வேகத்தை அளந்தார். பரங்கிமலையிலும் சென்னைக் கோட்டையிலும் நாடோறும் பீரங்கி வெடிப்பது வழக்கம். வானாய்வகத்திலிருந்து முன்னையது ஐந்தரை மைலுக்கும் பின்னையது இரண்டரை மைலுக்கும் சற்றுக் கூடிய தொலைவு. ஒளி தோன்றியதற்கும் ஓசை கேட்டதற்கும் இடைப்பட்ட செக்கன்களை எண்ணி, தொலைவை அதனால் வகுத்தாலே வேகம் கிடைத்துவிடும். பரங்கிமலை ஓசை வந்து சேர ஏறக்குறைய 26 செக்கன்கள் ஆகும்.

முயற்சி எளிது போலத் தோன்றும். ஆனால் கோல்டிங்காம் ஒருநாள் அளந்து அமையவில்லை. பல மாதங்கள் தொடர்ந்து அளந்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலை, வளியமுக்கம், ஈரப்பதன், காற்றின் திசை என்பவற்றையும் குறித்தார். மாதத்துக்கு மாதம் விடை மாறியது. மாற்றத்தைக் குற்றமெனக் கொண்டு மறைக்காது, அதனை அவர் அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால் ஓசையின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.6 மீற்றர் கூடும் என இன்று அறிவோம். மார்கழியின் குளிர்ந்த வளியும் வைகாசியின் வெப்பமான வளியும் ஓசைக்கு ஒரே பாதையல்ல.

அவரே 1821ஆம் ஆண்டில் ஊசற் பரிசோதனையும் நிகழ்த்தினார். ஒரு வீச்சுக்கு ஒரு செக்கன் கொள்ளும் ஊசல், இலண்டனில் இருக்க வேண்டிய நீளத்தினும் சென்னையில் அங்குலத்தின் பத்திலொரு பங்குக்குச் சற்று மேலாகக் குறுகியிருத்தல் வேண்டும் என்பது தெளிவாயிற்று. நிலநடுக்கோட்டை அணுகுந்தோறும் புவியின் ஈர்ப்புக் குறைவதே காரணம். இதனால் ஒரு பெரிய உண்மை வலியுறுத்தப்பட்டது. ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவு எங்கும் மாறாது. அதனைப் புவி இழுக்கும் விசையோ இடத்துக்கிடம் மாறும். இருதட்டுத் தராசு இவ்வேறுபாட்டைக் காட்டாது. கல்லும் பொருளும் ஒருங்கே இலேசாகுமாதலின் என்க. வில் தராசே அதனைக் காட்டவல்லது.

சொல்லும் ஓர் அளவையே

இவ்விரண்டு கருத்துக்களையும் தமிழிற் பிரித்துக் கூறப் புகுந்தபோது, சொல்லும் ஓர் அளவையாயிற்று. யாழ்ப்பாணத்தில் மேனாட்டு விஞ்ஞானம் முறையாகப் பயிலப்பட்டது 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் தொடங்கப்பட்ட அமெரிக்க மிசன் செமினரியில் ஆகும். 1855ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. அதன்பின் மானிப்பாயில் மருத்துவம் புகட்டிய சாமுவேல் கிறீன், மாணவரின் தாய்மொழியிலேயே நூல்களை ஆக்கினார். அவருடைய 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூலகங்கள் எவ்வெவ் விகிதத்திற் சேரும் என்பதைக் கூறும் கலை தமிழில் எழுதப்பட்டது. அவ்வாண்டின் வைகாசித் திங்களிலேயே, பாரிசு நகரில் நாடுகள் பல கூடி மீற்றர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. ஒரு கோலையும் ஒரு கல்லையும் உலகுக்குப் பொதுவாக்கிய செயல் அது.

சொல்லுலகில் அத்தகைய உடன்படிக்கை இன்னும் முற்றுப்பெறவில்லை. ஒரு பொருளிலுள்ள சடத்தின் அளவை ஈழத்துப் பாடநூல்கள் திணிவு என்கின்றன; புவி அதனை இழுக்கும் விசையை நிறை என்கின்றன. தமிழகத்துப் பாடநூல்களோ முன்னதை நிறை என்றும் பின்னதை எடை என்றும் வழங்குகின்றன. 'நிறை' என்னும் ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடக்கும்போது பொருள் மாறிவிடுகின்றது. தமிழகத்து நூலொன்றைத் துணையாகக் கொண்டு படிக்கும் யாழ்ப்பாணத்து மாணவன், கணக்கை வழுவின்றிச் செய்தும் பிழையான விடையை எழுதக் கூடும். இருவகை இலாச்சத்தால் நேர்ந்த மயக்கத்துக்கு இம்மயக்கம் ஒப்பானது.

வத்திராயிருப்பு விஞ்ஞானி

சடப்பொருளின் பண்பளத்தலில் உலகப் புகழ் பெற்ற தமிழருள் ஒருவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன். அவர் 1898ஆம் ஆண்டில், திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பிற் பிறந்தார். கல்கத்தாவிலே சர் சி. வி. இராமனோடு பணியாற்றி, 1928ஆம் ஆண்டின் ஒளிச்சிதறல் ஆய்விற் பங்குகொண்டார். அதன்பின் தாக்காப் பல்கலைக்கழகத்தில் பளிங்குகளின் காந்தப் பண்பை அளக்க முற்பட்டார். மயிரினும் நுண்ணிய படிகக்கல் இழையொன்றிற் சிறு பளிங்கைத் தொங்கவிட்டு, அதனைக் காந்தமுனைகளுக்கிடையே நிறுத்தினார். இழையின் மேல்நுனியை மெல்ல முறுக்கிக்கொண்டு போக, ஓர் எல்லை கடந்தவுடன் பளிங்கு திடீரெனத் திரும்பும். அவ்வெல்லைக் கோணத்திலிருந்து, பளிங்கின் காந்தப் பண்பு திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகின்றதென அவர் கணித்தார்.

நப்தலீன் போன்ற பளிங்குகளில் மூலக்கூறுகள் எவ்வாறு சாய்ந்து அடுக்கப்பட்டுள்ளன என்பதை இவ்வளவுகள் புலப்படுத்தின. 'இப்பொருளின் காந்தப் பண்பு என்ன?' என்னும் வினா குறைவுடையதென்பதும் 'எத்திசையில்?' என்னும் வினாவும் அதனோடு சேர வேண்டுமென்பதும் புலனாயின. தஞ்சைக் கணக்கர் 'எதனை உட்படுத்தி?' என்றும், கோல்டிங்காம் 'எம்மாதத்து வளியில்?' என்றும் கேட்ட வரிசையிலே இவ்வினாவும் வைத்தெண்ணத்தக்கது. 1947ஆம் ஆண்டில் கிருட்டிணன் தில்லியில் அமைந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளராயினார். அவர் 1961ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பதவியில் இருந்தார். இந்தியாவின் கிலோகிராம் படியான 57ஆம் எண் உருளை அவ்வாய்வுகூடத்திலேயே பேணப்படுகின்றது.

அந்த உருளைக்கு மூலமாய்ப் பாரிசுக்கருகே காக்கப்பட்ட பிளாற்றினம்-இரிடியம் உருளையும் மாற்றத்துக்குத் தப்பவில்லை. 1889ஆம் ஆண்டு முதல் உலகின் நிறைக்கெல்லாம் கல்லாக நின்ற அதனைப் படிகளோடு ஒப்பிட்டபோது, நூறாண்டுகளில் ஏறக்குறைய 50 மைக்கிரோகிராம் வேறுபாடு காணப்பட்டது. குறைந்தது மூலமா, கூடியது படியா எனத் துணிதற்கு வேறு கல் இல்லை. ஆகவே 2019ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் முதல் அவ்வுருளை தன் பதவியை இழந்தது. பிளாங்கின் மாறிலி என்னும் இயற்கை எண்ணைக் கொண்டே கிலோகிராம் இப்போது வரையறுக்கப்படுகின்றது. தேயாத கல்லைத் தேடிய மனிதன், முடிவில் கல்லையே கைவிட்டான்.

வழுவும் வழுவமைதியும்

அளவின் பிழையை ஈழத்து விஞ்ஞானத் தமிழ் 'வழு' என்கின்றது. இலக்கணத்திலிருந்து வந்த சொல் இது. வழாநிலை, வழு, வழுவமைதி எனத் தமிழிலக்கணம் மூன்று நிலை கண்டது. வழுவை அறிந்து, அதற்குக் காரணங் காட்டி அமைத்துக் கொள்வதே வழுவமைதி. லாம்ப்டன் சங்கிலியின் அருகே வெப்பமானி வைத்ததும், கோல்டிங்காம் மாறும் விடைகளை மாறியவாறே அச்சிட்டதும் விஞ்ஞானத்தின் வழுவமைதி எனத் தகும்.

பாடசாலை ஆய்வுகூடங்களிற் பெரும்பாலும் நிகழ்வது இதற்கு மாறானது. பித்தளையின் அடர்த்தியைக் காணும் மாணவன், நூலிலுள்ள எண்ணை முன்னரே அறிந்திருக்கின்றான். தன் தராசு காட்டியது வேறாயின், அதனை அழித்துவிட்டு நூலின் எண்ணை எழுதுகின்றான். புள்ளி கிடைக்கின்றது; கல்வி கிடைப்பதில்லை. அவன் அழித்த எண்ணிலேதான் தட்டில் ஒட்டியிருந்த ஈரமும், இடுக்கியின் பூச்சிய வழுவும், பித்தளையிற் கலந்த செம்பு நாகங்களின் விகிதமும் மறைந்து கிடந்தன. வாங்கும்போது குவித்தும் கொடுக்கும்போது தலைதட்டியும் அளந்தவன் செய்த செயலுக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. அங்கே ஏமாந்தவன் அயலான். இங்கே ஏமாறுபவன் தானே.

ஆதலால் ஆய்வுகூடத்தில் மாணவர் முதலிற் பயில வேண்டியது, கருவி காட்டியதைக் காட்டியவாறே எழுதும் நேர்மையாகும். எந்தக் கருவி, எந்த வெப்பநிலை, எதனை உட்படுத்தியது, எவ்வளவு வழுவுக்கு இடமுண்டு என்னும் நான்கையும் எண்ணோடு சேர்த்து எழுதப் பழகுவாராயின், ஆடவல்லான் கல்லால் நிறுத்து அரக்கையும் செப்பாணியையும் மறவாது குறித்த தஞ்சைக் கணக்கரின் மரபு அவர்கள் கையில் அறாது நிற்கும்.